வெயிலைப் பார்த்து இன்ஜின் ஆயில் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குனி பிறந்துவிட்டால் வேலூர் சுற்றுவட்டாரத்தில் கார் ஆயில் மாற்றப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை தவறாமல் கிடைக்கிறது: “நம்ம ஊரு வெயிலுக்கு லேசான ஆயில் தாங்காது சார், கெட்டியா 20டபிள்யூ-50 ஊத்திடலாம்.” சொல்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். அம்பாசடரும் பழைய ஜீப்பும் ஓடிய நாளில் அது பொருந்தவும் செய்தது. இன்று சாலையில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அது கெடுதல். ஏன் என்பதை விளக்கவே இந்தக் கடிதம்.

காட்பாடியில் வெயில் 42 டிகிரி அடிக்கட்டும். ஓடும் இன்ஜினுக்குள் ஆயிலின் சூடு ஏறக்குறைய 90 முதல் 110 டிகிரி. மார்கழியிலும் அதே அளவுதான், ஏனென்றால் இன்ஜின் சூட்டைப் பிடித்து நிறுத்துவது, கூலன்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் ஃபேனும். லேசான 5டபிள்யூ-30 ஆயிலின் பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தன்மை, 40 டிகிரியில் சுமார் 60 சென்டிஸ்டோக்ஸ் (எண் கூடினால் ஆயில் கெட்டி). 100 டிகிரியில் அது 10 அளவுக்கு இறங்கிவிடும். 5டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் அந்தப் பத்தைக் கணக்கில் வைத்துத்தான் பேரிங் இடைவெளியும் ஆயில் பம்பும் வடிவமைக்கப்படுகின்றன. அதாவது நம் கத்திரி வெயிலும் இன்ஜின் ஆயிலுக்குக் குளிர்நிலைதான். 20டபிள்யூ-50 என்றால் 40 டிகிரியில் சுமார் 160, இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகும் 18 அளவில் நிற்கும்.

அந்தக் கெட்டி ஆயில் உள்ளே என்ன செய்கிறது? பம்ப் அதைத் தள்ளத் திணறும்போது பிரஷர் ஏறி, மிகுதி ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு திறந்துகொள்ளும். பிரஷர் மீட்டர் மாட்டிப் பார்த்தால் எண் அழகாக இருக்கும். ஆனால் பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயிலில் ஒரு பகுதி வழியிலேயே திரும்பிவிடும். வால்வு டைமிங்கை மாற்றும் விவிடி அமைப்பில் ஆயில் வழிகள் மிகக் குறுகல், நுழைவில் சல்லடை வேறு. அங்கே ஆயில் தாமதித்தால் இழுவை குறையும், செக் இன்ஜின் விளக்கு எரியும். டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனருக்கு ஆயில் வந்து சேரும்வரை காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகட சத்தம் கேட்கும். டர்போ உள்ள வண்டியில் முதல் சில விநாடிகள் டர்போ பேரிங் எண்ணெய்ப் பற்றாக்குறையில் சுற்றும். மைலேஜ் குறைவது இதற்கெல்லாம் மேல்.

எண்களின் பொருளைத் தெரிந்துகொண்டால் கடையில் யாரும் குழப்ப முடியாது. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கானது. 5டபிள்யூவை மைனஸ் 30 டிகிரியிலும் 20டபிள்யூவை மைனஸ் 15-லும் சோதிப்பார்கள். அந்தக் குளிர் நமக்கு வரப்போவதில்லை என்றாலும், சிறிய எண் உள்ள ஆயில் நம் ஊர் விடியலிலும் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் வரை சீக்கிரம் போய்ச் சேரும். பின்னால் உள்ள எண்தான் இன்ஜின் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிறது. 100 டிகிரியில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருந்தால் 30, 12.5 முதல் 16.3-க்குள் இருந்தால் 40. ஆகவே 0டபிள்யூ என்று போட்டிருந்தாலே அது ‘தண்ணி ஆயில்’ என்று ஒதுக்குவது தவறு. 0டபிள்யூ-40 ஆயில் சூட்டில் 15டபிள்யூ-40 இருக்கும் அதே எல்லைக்குள்தான் இருக்கும்.

எதை ஊற்றுவது? காருடன் வந்த கையேட்டில் உள்ளதை. பல கார்களில் ஆயில் ஊற்றும் மூடியிலேயே பொறித்திருக்கும். இப்போது வரும் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20, சிலவற்றுக்கு 0டபிள்யூ-16. கையேடு இரண்டு மூன்று கிரேடுகளை அனுமதித்திருந்தால், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஆள் நிரம்ப அடிக்கடி ஏறும் வண்டிக்கு அவற்றில் கெட்டியானதை எடுக்கலாம். நிறைய ஓடி ஆயில் குடிக்கத் தொடங்கிய பழைய இன்ஜினுக்கு 30-லிருந்து 40-க்கு ஒரு படி ஏறுவதும் நியாயம். 50-க்குத் தாவுவது நோயை மறைப்பது மட்டுமே.

கிரேடு மட்டும் பார்த்தால் போதாது. தரக் குறியீடும் முக்கியம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 டீசல் கார்களில் பெரும்பாலானவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. அதற்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். டின்னில் ஏசிஇஏ (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கம்) சி2, சி3 என்று இருக்கும். பழைய தர டீசல் ஆயிலை ஊற்றினால் அதன் சாம்பல் வடிகட்டியில் தங்கிவிடும், எரித்தாலும் போகாது. புது வடிகட்டியின் விலையோடு ஒப்பிட்டால் ஆயிலில் மிச்சமாகும் பணம் ஒன்றுமேயில்லை. 5டபிள்யூ-30 என்று போட்ட இரண்டு டின்கள்கூட ஒன்றாகிவிடாது: 150 டிகிரியில் நசுக்கிப் பார்க்கும் சோதனையில் சி3 ஆயிலின் கெட்டித்தன்மை குறைந்தது 3.5 மில்லிபாஸ்கல்-விநாடி (இது வேறு அலகு) இருக்க வேண்டும், சி2-வுக்கு 2.9 போதும்.

விரலில் தொட்டு, “கெட்டித்தன்மை போயிடுச்சு” என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். விரல் சூட்டில் தெரிவதற்கும் 100 டிகிரியில் நடப்பதற்கும் தொடர்பில்லை. டீசல் ஆயில் மாற்றிய சில நாட்களிலேயே கறுப்பாவது இயல்பு. கரியைத் தேங்கவிடாமல் ஆயில் சுமக்கிறது என்று பொருள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால்தான் பயப்பட வேண்டும்: கூலன்ட் உள்ளே இறங்கியிருக்கலாம். டீசல் காரில் ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால், டிபிஎஃப்பில் சேர்ந்த கரியைக் கூடுதல் டீசல் விட்டு எரிக்கும் சுத்திகரிப்பு பாதியில் நின்று, அந்த டீசல் ஆயிலில் கலக்கிறது. சத்துவாச்சாரியிலிருந்து தோட்டப்பாளையம் வரை என ஊருக்குள் குறைந்த தூரம் மட்டுமே ஓடும் கார்களில் இது நடக்கும். அந்த வண்டிகளை அவ்வப்போது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்று இருந்தால், இத்தகைய ஓட்டத்துக்கு அதில் பாதியிலேயே ஆயிலை மாற்றுவது நல்லது.

வெயிலுக்கு உண்மையிலேயே செய்ய வேண்டிய வேலை கூலிங்கில் இருக்கிறது. “சூடான ஊரு, தெர்மோஸ்டாட் எதுக்கு?” என்று கழற்றி எறியும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது. ஈரமும் எரிபொருளும் ஆயிலில் தங்கிக் களியாகும். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து வழி அடைபடும். கையேடு சொல்லும் கூலன்ட்டை மட்டும் ஊற்றுங்கள்.

ஆயில் மாற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். இன்ஜின் மிதமான சூட்டில் இருக்கும்போது வடிக்க வேண்டும். ட்ரெயின் போல்ட் வாஷரும் ஃபில்டரும் புதிதாக இருக்கட்டும். ஃபில்டர் ரப்பரில் துளி ஆயில் தடவி, கையாலேயே இறுக்கினால் போதும். கையேட்டில் உள்ள அளவை முழுதாகக் கவிழ்க்காமல் அரை லிட்டர் குறைவாக ஊற்றி, இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து ஐந்து நிமிடம் கழித்துச் சமதரையில் டிப்ஸ்டிக் (ஆயில் அளவுக் குச்சி) பார்த்து மீதியைச் சேர்க்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஷாஃப்ட் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை பேரிங்கைக் காக்காது. சீல் உடையாத டின்னை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள், காலி டின்னை வெட்டிப் போடுங்கள். போலி ஆயில் அடைப்பவர்களுக்கு அதுதான் மூலப்பொருள். வடித்த ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. சாக்கடையில் ஊற்றினால் பாலாற்றுக்கும் நம் கிணறுகளுக்கும்தான் போகும். ஏற்கெனவே அந்த ஆறு தோல் கழிவால் பட்டது போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பள்ளிகொண்டாவுக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், அடுத்த ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஓரம் கட்டி உடனே இன்ஜினை அணையுங்கள். சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் அதே கிரேடு ஆயிலைச் சேர்த்து, விளக்கு அணைகிறதா, கீழே ஒழுகுகிறதா என்று பாருங்கள். அளவு சரியாக இருந்தும் எரிகிறது என்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். கோளாறு சென்சாரிலா பம்பிலா என்பதை மெக்கானிக் பிரஷர் மீட்டர் மாட்டிப் பார்த்துச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
கார் பழுதுநீக்கும் தொழிலாளர்கள்,
சத்துவாச்சாரி, வேலூர்.