அனுமதி கொடுக்கும் முன் ஆம்புலன்ஸ் எங்கே என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொள்ளாச்சி தாண்டி கொல்லங்கோடு வரைக்கும் எங்கள் எல்லையோர ஊர்களில் அடிக்கடி படப்பிடிப்பு நடக்கிறது. வயல், தென்னந்தோப்பு, பின்னால் நெல்லியாம்பதி மலை என்று எல்லாம் அமைந்த இடம். யூனிட் வந்தால் ஊருக்கும் நாலு காசு கிடைக்கிறது, வரட்டும். ஆனால் லொகேஷன் பார்க்க வருகிறவர்கள் வெளிச்சத்தையும் கேரவன் நிறுத்தும் இடத்தையும்தான் பார்க்கிறார்கள். யாருக்காவது ஒன்று ஆனால் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது என்று ஒருவரும் விசாரித்து நான் கண்டதில்லை.

போன கோடையில் கொழிஞ்சாம்பாறை பக்கம் திருவிழாக் காட்சி எடுத்தார்கள். கூட்டத்தில் நிற்கப் போன எங்கள் தெரு அக்கா ஒருவர் உச்சி வெயிலில் மயங்கி விழுந்துவிட்டார். சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரிக்கா, பொள்ளாச்சிக்கா என்று மேனேஜருக்குத் தெரியவில்லை. சாப்பாடு கொண்டுவந்த வண்டியில்தான் ஏற்றிப் போனோம். காலையிலிருந்து அக்கா தண்ணீரே குடிக்கவில்லையாம். குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே! கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீரைத் தவிர்ப்பதையும், அதனால் சிறுநீர்த் தொற்று வருவதையும் மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய்ந்து 2024இல் வெளியான ஹேமா கமிட்டி அறிக்கை எழுதியிருக்கிறது. படித்த பிறகும் ஒரு தற்காலிகக் கழிப்பறை வைக்க மனம் வரவில்லை என்றால் என்ன சொல்வது?

2016இல் பெங்களூரு அருகே படப்பிடிப்பில் ஹெலிகாப்டரிலிருந்து நீர்த்தேக்கத்தில் குதித்த இரண்டு நடிகர்கள் உயிர்காப்புச் சட்டை இல்லாமல் மூழ்கிப் போனார்கள். 2020 பிப்ரவரியில் சென்னை அருகே படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். இங்கே மீன்கரை, சுள்ளியாறு அணைகள் இருக்கின்றன. தண்ணீரில் இறங்கும் காட்சி என்றால் மீட்புப் படகும் நீச்சல் தெரிந்த ஆட்களும் முதல் நாளே வந்து பார்த்திருக்க வேண்டும். ஈர வயலில் ஜெனரேட்டர் கேபிள் இழுப்பதும் அப்படித்தான்.

ஆகவே அனுமதி கொடுக்கும் பஞ்சாயத்தும் நீர்ப்பாசனத் துறையும் முதலில் ஒரு திட்டத்தை எழுதி வாங்கட்டும். எந்த ஆஸ்பத்திரி, எந்த வழி, ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும், நிழலும் கழிப்பறையும் எங்கே என்று அதில் இருக்கட்டும். ஆபத்து என்று பட்டால் ஷாட்டை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதும் வேண்டும். அது டைரக்டராகவோ மேனேஜராகவோ இருக்கக் கூடாது. வெளிச்சம் போகிற அவசரம் அவர்களுக்கு. அப்புறம், ஒருநாள் பேட்டாவுக்கு வரும் எங்கள் ஊர்க்காரர்கள் எந்தச் சங்கத்திலும் இல்லை. அவர்களையும் காப்பீட்டில் சேர்த்ததற்கான ரசீதைப் பார்த்த பிறகே பஞ்சாயத்து கையெழுத்துப் போட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்