நான்கு விநாடி: ஆல்ப் டுவெஸ் பயணம் குறித்த புகார்

கோயம்புத்தூர்,
16.9.2024

அனுப்புநர்: பயணப் பதிவுப் படிவத்தில் உள்ள முகவரி.

பெறுநர்: மேலாளர், வெளிநாட்டு சைக்கிள் பயணப் பிரிவு, சென்னை.

பொருள்: 18.8.2024 அன்று மகளிர் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், ஆல்ப் டுவெஸ் மலையுச்சியில் முடிந்த கடைசிக் கட்டத்தை (கடைசி நாள் ஓட்டத்தை) காண நடத்திய பயணத்தில் சேவைக் குறைபாடு. பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

நானும் என் மகளும் உங்கள் நிறுவனத்தின் மூலம் ஆல்ப்ஸ் மலைக்குப் போய் வந்து நான்கு வாரம் ஆகிறது. ஊர் திரும்பிய மறுநாளே தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். அதற்குப் பதிலாக, அடுத்த பயணத்துக்கு 10 சதவீதத் தள்ளுபடி என்று ஒரு கூப்பன் அனுப்பினீர்கள். அதை இக்கடிதத்துடன் திருப்பி அனுப்புகிறேன். எனக்கு அடுத்த பயணம் வேண்டாம். நடந்து முடிந்த பயணத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

நீங்கள் எழுத்தில் கொடுத்த வாக்கு இது: ஆகஸ்ட் 17 இரவு மலையடிவாரமான பூர் துவாசானில் தங்கல், மறுநாள் காலை 6 மணிக்குச் சைக்கிளில் ஏற்றம், மலைச்சாலையின் 7ஆம் எண் வளைவில் இடம் பிடித்து அமர்தல், கடைசி வீராங்கனை கடந்துபோகும்வரை மலையிலேயே இருத்தல், பாதை திறந்த பிறகு சைக்கிளிலேயே இறங்குதல். இந்த ஒரு நாளுக்காகவே இருவருக்கும் சேர்த்து 1,24,000 ரூபாய் தனிக் கட்டணம் வாங்கினீர்கள். ரசீது என்னிடம் இருக்கிறது.

ஆல்ப் டுவெஸ் ஏற்றம் 13.8 கிலோமீட்டர். சராசரிச் சரிவு 8 சதவீதத்துக்குச் சற்று மேல். 21 கொண்டையூசி வளைவுகளுக்கும் கீழிருந்து மேலாக 21, 20, 19 என்று இறங்குவரிசையில் எண் இட்டு, அங்கே வென்றவர்களின் பெயர்களைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1952இல் முதன்முதலாக அங்கே வென்ற இத்தாலிய வீரர் ஃபவுஸ்தோ கோப்பியின் பெயர் 21ஆம் வளைவில் இருக்கிறது. அந்தப் பலகையின் அருகே நின்று ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது என் மகளின் எட்டு வருட ஆசை. அதற்காகவே நாங்கள் இருவரும் ஏழு மாதம் கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் வால்பாறைச் சாலையின் 40 வளைவுகளிலும் ஏறி இறங்கிப் பழகினோம்.

நீங்கள் எங்களைத் தங்கவைத்த இடம் பூர் துவாசான் அல்ல, அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளியுள்ள கிரெனோபிள். இந்த மாற்றத்தை விமானத்தை விட்டு இறங்கிய பிறகுதான் சொன்னீர்கள். ‘காலையில் வேனில் கொண்டுபோய் விட்டுவிடுவோம்’ என்றார் உங்கள் வழிகாட்டி. 6 மணிக்கு வரவேண்டிய வேன் 9.40க்கு வந்தது. சைக்கிள்களை அடுக்கி, ஆட்களை ஏற்றிக் கிளம்பும்போது 10.30. பள்ளத்தாக்கில் ரோஷ்தாயே சந்திப்பை அடைந்தபோது சாலையை அடைத்துவிட்டார்கள். அதற்கு மேல் வேன் போக முடியாது, சைக்கிளும் போகக் கூடாது என்று காவலர் மிகுந்த பொறுமையோடு விளக்கினார். குற்றம் அவருடையது அல்ல. மலைக் கட்டம் நடக்கும் நாளில் சாலையைப் பல மணி நேரம் முன்பே அடைத்துவிடுவார்கள். பந்தயத்துக்கு முன்னால் விளம்பர வண்டிகளின் ஊர்வலம் வேறு வரும். முந்தின இரவே மலையடியில் இருப்பவர்தான் மேலே ஏற முடியும். இந்தப் பந்தயத்தைப் பார்க்கப் போகும் எவருக்கும் இது முதல் பாடம். அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பயணத்தை எப்படி விற்றீர்கள்?

மலையில் நின்று பார்ப்பதற்கும் சமவெளியில் நின்று பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது தெரியுமா? ஏற்றத்தில் வீராங்கனைகளின் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்கும் குறைந்துவிடும். கூட்டம் சிதறி ஒவ்வொருவராக வருவார்கள். முகத்தைப் பார்க்கலாம், மூச்சு வாங்கும் ஓசையைக் கேட்கலாம், கடைசியில் வருபவரைக் கைதட்டி மேலே அனுப்பலாம். ரோஷ்தாயேயில் நாங்கள் பார்த்தது இவ்வளவுதான்: கிலாந்தோன் கணவாயிலிருந்து இறங்கி டெமி வொல்லெரிங்கும் பவுலீனா ரோயாக்கர்ஸும் காற்றைக் கிழித்துக்கொண்டு போனார்கள். சற்று நேரம் கழித்து மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியில் காஸ்யா நியெவியாடோமா ஒரு சிறு குழுவோடு போனார். இரண்டு முறையும் மூன்று எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது.

இதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். அதன் பிறகு நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்று காலை மொத்த நேரக் கணக்கில் நியெவியாடோமா, வொல்லெரிங்கைவிட 1 நிமிடம் 15 விநாடி முன்னிலையில் இருந்தார். எட்டுக் கட்டப் பந்தயம் முழுவதும் அந்த மலையில்தான் தீரவேண்டும். 2022இல் இன்றைய மகளிர் டூர் தொடங்கியபின் ஆல்ப் டுவெஸ் உச்சியில் ஒரு கட்டம் முடிவது அதுவே முதல்முறை. சந்திப்பில் இருந்த காப்பிக் கடையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அங்கேயே நின்று முடிவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கெஞ்சினேன். போக்குவரத்து நெரிசலுக்கு முன்னால் கிளம்பினால்தான் இரவு உணவுக்குப் போய்ச் சேரலாம் என்று சொல்லி எங்களை வேனில் ஏற்றிவிட்டார்கள். முன்னணியினர் பாதி ஏற்றத்தில் இருக்கும்போது நாங்கள் எதிர்த்திசையில் கிரெனோபிளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். மலையிடுக்கில் தொலைபேசிச் சமிக்ஞை விட்டுவிட்டுக் கிடைத்தது. விசீல் ஊர் அருகே வந்த பிறகுதான் என் மகள் முடிவைப் படித்துக் காட்டினாள். கட்டத்தை வென்றவர் வொல்லெரிங். வெற்றிக்காக அவருடைய மொத்த நேரத்தில் 10 விநாடி கழிக்கப்பட்டது. 1 நிமிடம் 1 விநாடி கழித்து நான்காவதாக வந்தார் நியெவியாடோமா. மொத்தக் கணக்கில் மிஞ்சிய இடைவெளி 4 விநாடி. ஆண்கள் பந்தயத்திலும்கூட இவ்வளவு குறைந்த இடைவெளியில் டூர் டி பிரான்ஸ் முடிந்ததில்லை. 1989இல் கிரெக் லெமாண்ட் வென்றது 8 விநாடியில். அதைப் படித்து முடித்த பிறகு என் மகள் கிரெனோபிள் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

வழிகாட்டியாக வந்த இளைஞர் மீது எனக்குப் புகார் இல்லை. தான் ஒரு மலைக் கட்டத்தையும் நேரில் பார்த்ததில்லை என்று அவரே வருத்தத்தோடு சொன்னார். அனுபவம் இல்லாதவரைத் தனியாக அனுப்பியது நீங்கள்.

வாடகைச் சைக்கிள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்சக்கரத்தில் 34 பல் வரை உள்ள கியர் வேண்டும் என்று பதிவுப் படிவத்திலேயே எழுதியிருந்தேன். வந்தது 28 பல். அந்தச் சரிவில் என் வயதுக்காரி ஏறுவதற்கு அது போதாது. மகளுக்கு 50 அளவுச் சைக்கிள் சட்டகம் கேட்டேன், 54 கொடுத்தார்கள். இருக்கையை அடிமட்டத்துக்கு இறக்கியும் அவளுக்குக் கால் எட்டவில்லை. சாலை திறந்திருந்தாலும் அந்தச் சைக்கிள்களில் நாங்கள் 7ஆம் வளைவுவரை போயிருப்போமா என்பது சந்தேகம்.

ஆகவே பந்தய நாளுக்கு வாங்கிய 1,24,000 ரூபாயையும், இரண்டு சைக்கிள்களின் வாடகை 31,000 ரூபாயையும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். விடுதி மாற்றத்தால் உங்களுக்கு மிச்சமான தொகை எவ்வளவு என்று கணக்குக் காட்டி அதையும் தர வேண்டும். மற்ற நாட்களுக்கான கட்டணத்தை நான் கேட்கவில்லை. அந்நாட்களில் சொன்னபடி நடந்துகொண்டீர்கள்.

இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். அந்தச் சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம், இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு.

அடுத்த ஆண்டுக்கான இதே பயணத்துக்கு இப்போதே முன்பதிவு வாங்குகிறீர்கள் என்று அறிந்தேன். அதில் பணம் கட்டியவர்களை முந்தின இரவு எங்கே தங்கவைக்கப் போகிறீர்கள் என்பதையும் உங்கள் பதிலில் எழுதுங்கள்.

இணைப்பு: கட்டண ரசீதுகள், உங்கள் பயண அட்டவணை, கியர் பற்றிய பதிவுப் படிவ நகல், கூப்பன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்