ரிங்கை வெச்சவங்களே எப்ப எடுக்கணும்னும் சொல்லணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கர்ப்பப்பை இறக்கத்துக்கு வைக்கிற ரிங்கைப் பத்தியெல்லாம் பேப்பருக்கு எழுதலாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேங்க, ஆனா எங்கம்மா பட்ட அவஸ்தை இன்னொரு வீட்லயும் நடக்கக்கூடாதுன்னுதான் எழுதறேன்.

அம்மாவுக்கு 71 வயசு, கர்ப்பப்பை இறக்கம். கீழ ஏதோ உருண்டையா தட்டுப்படுது, முக்கினாத்தான் ஒன்னுக்கு வருதுன்னு எங்ககிட்ட வாய் திறக்கவே அவங்களுக்கு பல வருஷம் ஆச்சு. இதய நோய் இருக்கறதால ஆபரேஷன் வேணாம்னு சொல்லி டாக்டரம்மா ஒரு சிலிக்கான் ரிங்கை பெண்ணுறுப்புக்குள்ள வெச்சு விட்டாங்க. இறங்கின கர்ப்பப்பையை அது கீழ இருந்து தாங்கிக்கும். நிஜமாவே நல்ல வைத்தியம், அதுல எனக்கு எந்தக் குறையும் இல்ல, வெச்சதுக்கப்புறம் அம்மா நிம்மதியா நடந்தாங்க உக்காந்தாங்க.

ஆனா சீட்டுல 'பெசரி'ன்னு மட்டும் எழுதியிருந்துச்சு. அதுக்கு முன்னாடி வெள்ளைப்படுதலுக்கு உள்ள வைக்கிற மாத்திரை குடுத்தப்பவும் பெசரின்னுதான் சொன்னாங்க, அது ராத்திரி வெச்சா தானா கரைஞ்சிடும், அதனால இதுவும் கரைஞ்சு போயிருக்கும்னு நினைச்சு அம்மா பாட்டுக்கு இருந்துட்டாங்க, மறுபடி எப்ப வரணும்னு யாரும் சொல்லல, எங்களுக்கும் கேக்கத் தெரியல. ரெண்டு வருஷம் கழிச்சு நாத்தமும் ரத்தமும் வந்து ஓடினோம். ரிங் அழுத்தி அழுத்தி உள்ள புண்ணாகியிருந்துச்சு. இன்னும் விட்டிருந்தா சதைக்குள்ள புதைஞ்சு மூத்திரப்பை வரைக்கும் ஓட்டை விழுந்திருக்கலாம்னு சொன்னப்ப எனக்கு கை கால் உதறிடுச்சு. எடுத்துட்டு ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோன் க்ரீம் போட்டு ஆறின பிறகு வேற சைஸ்ல வெச்சாங்க. இந்தத் தடவை வெச்ச உடனே நடக்கவும், இருமவும், ஒன்னுக்கு போயிட்டு வரவும் சொல்லிப் பாத்தாங்க. அப்படித்தான் சைஸ் பாக்கணுமாம், முதல் தடவை அதுவும் நடக்கல.

இப்ப 3 மாசத்துக்கு ஒரு தடவை போறோம். எல்லாருக்கும் இதே கணக்கு இல்லைங்க, சிலருக்கு 6 மாசம், தானே கழட்டி கழுவி மாட்டக் கத்துக்கிட்டவங்களுக்கு இன்னும் சுலபம், இறக்கத்துக்கே க்யூப் மாதிரி கட்டையா ஒரு வகை பெசரி இருக்கு, அதை தினமும் ராத்திரி எடுத்துடணும்.

இன்னொரு குழப்பம் பாருங்க, கருத்தடைக்கும் ரிங் இருக்கு. பொதுவா அதை 3 வாரம் வெச்சு 1 வாரம் எடுத்துடணும், ஹார்மோன் கசிஞ்சு முட்டை வெளிவராம தடுக்கும். மாதவிடாய் நின்னவங்களோட வறட்சிக்கு 90 நாள் ஈஸ்ட்ரோஜன் ரிங் இருக்கு. எச்ஐவி தடுக்கறதுக்கு மாசா மாசம் மாத்தற, டாபிவிரைன்ங்கற மருந்து வெச்ச ரிங்கை உலக சுகாதார நிறுவனம் 2021ல பரிந்துரை பண்ணுச்சு. பாக்க எல்லாமே வளையம்தான், ஆனா ஒன்னு செய்யற வேலையை இன்னொன்னு செய்யாது. இறக்கத்துக்கு வெச்ச ரிங் கர்ப்பத்தை தடுக்காது, கருத்தடை ரிங் எச்ஐவியை தடுக்காது. 'ரிங் வெச்சிருக்கேன்'னு மட்டும் ஒரு பொண்ணு சொன்னா எந்த ரிங்னு யாருக்குத் தெரியும்?

அதனால டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் உங்க மூலமா கேக்கறேன். என்ன வெச்சீங்க, எதுக்கு, அது கரையுமா கரையாதா, எந்தத் தேதிக்கு வரணும், இதை ஒரு அட்டையில தமிழ்ல எழுதிக் குடுங்க. வயசானவங்களா இருந்தா கூட வந்தவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்க, வெக்கத்துல அவங்க வீட்ல வந்து சொல்லவே மாட்டாங்க.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள் சார். மகளிர் பக்கத்துல ஒரு மகப்பேறு டாக்டரை எழுதச் சொல்லி இதைப் போடுங்க, படத்தோட போடுங்க, 'அந்தரங்கப் பிரச்சினை'ன்னு மழுப்பாம பெண்ணுறுப்புன்னே எழுதுங்க. எங்கம்மாவுக்கு நான் வாசிச்சுக் காட்டறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி