'படிப்பில் நாட்டமில்லை' என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலைகளில் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட குடும்பங்கள் இப்போது எப்படி இருக்கின்றன என்று கடந்த ஞாயிறன்று தங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அக்கறையோடு எழுதியிருந்தீர்கள். ஆனால் கடைசிப் பத்தியில், 'பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டம் இல்லாததால் பலர் பாதியில் நின்றுவிட்டனர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

நான் வடசென்னையில் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இன்றைக்கும் சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் என் வீட்டுக்குப் படிக்க வருகிறார்கள். அப்படி வந்தவர்களில், தன் அத்தை வீட்டில் தங்கியிருந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அரிசி ஆலையிலேயே வளர்ந்தவள். பெயர் வேண்டாம். மீட்கப்பட்ட பிறகு அவள் அப்பா கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்.

ஊரிலிருந்து தம்பி கொண்டுவந்த நெல்லை மாடியில் காயப்போட்டிருந்தேன். நாலு மணியை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்தவள், "இன்னும் ஒரு வெயில் காயணும் டீச்சர், இப்ப அரைச்சா நொய்யாப் போயிடும்" என்றாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தன் பெயரை எழுதத் தெரியாது. நடுராத்திரி எழுந்து நெல் அவிக்க அம்மாவுக்குக் கூடமாட இருந்து, விடிந்ததும் களத்தில் காலால் தள்ளித் தள்ளி நெல்லைக் காயவைத்த பிள்ளை அவள். வெளியே வந்த பிறகும் ரொம்ப நாள் ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடும். அப்புறம் தூக்கம் வராது. காலையில் முதல் பாடவேளையிலேயே தூங்கி விழுவாள். வகுப்பில் அவளுக்குக் கிடைத்த பெயர் சோம்பேறி.

அந்த வகுப்பில் உட்காருவதற்கே என்ன பாடு பட்டார்கள் தெரியுமா? சேர்க்கப் போன இடத்தில் டி.சி. கேட்டார்கள். பள்ளிக்கூடமே போகாத பிள்ளைக்கு டி.சி. எங்கிருந்து வரும்? பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். கொத்தடிமையிலிருந்து மீட்டதற்குக் கோட்டாட்சியர் கொடுத்த விடுதலைச் சான்றிதழை நீட்டினால், இது என்ன காகிதம் என்று கேட்டார்கள். வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பிள்ளைக்கும் இடம் மறுக்கக்கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்வது தங்களுக்குத் தெரியாததல்ல. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதை ஈடுகட்டத் தனிப்பயிற்சி தரவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அவளையோ இரண்டாம் வகுப்பில் சின்னஞ்சிறுசுகளோடு உட்காரவைத்தார்கள். அந்தக் கூச்சத்திலேயே நின்றுவிட்டாள். தங்கள் நிருபர் அவளைச் சந்தித்திருந்தால் அவளையும் 'நாட்டம் இல்லாதவள்' கணக்கில்தானே சேர்த்திருப்பார்?

நின்ற பிறகுதான் என்னிடம் வந்தாள். எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதித் தேறினாள். பத்தாம் வகுப்புக்கு இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள். கணக்கில் அவளுக்கு நான் பெரிதாக எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மூட்டைக் கணக்கிலேயே வளர்ந்த பிள்ளை.

அவள் அம்மா கேட்டதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. "மீதி முன்பணத்தை யார்கிட்ட கட்டணும் டீச்சர்?" கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. கொத்தடிமையாக வேலைக்குச் சேர முதலாளியிடம் வாங்கிய அந்த முன்பணக் கடன் ஒரு பைசாகூடத் திருப்பித் தரவேண்டியதில்லை என்று அதில் தெளிவாக இருக்கிறது. மீட்டு வந்து, சான்றிதழும் கொடுத்த பிறகும் அதை அந்த அம்மாவிடம் ஒருவரும் உட்கார்ந்து சொல்லவில்லை. ஓனர் வந்து நிற்பார் என்ற பயத்திலேயே மகனையும் வேலைக்கு அனுப்பப் பார்த்தார்.

மீட்கப்பட்டவர்களுக்கு அரசு தரும் மறுவாழ்வுத் தொகை பற்றியும் எழுதியிருந்தீர்கள். ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடுமையான நிலையில் இருந்தவர்களுக்கு 3 லட்சம். சரி. ஆனால் உடனே கைக்கு வருவது அதிகபட்சம் 30,000 ரூபாய்தான், மீதியை முதலாளி மேலுள்ள வழக்கில் தண்டனை கிடைப்பதோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறார்கள் என்பதை ஏன் எழுதவில்லை? வழக்கு முடியும் வரை அந்த வீட்டில் எதை வைத்து உலை வைப்பார்கள்? படிப்பை நிறுத்துவது பிள்ளையா, அந்த வீட்டு நிலைமையா?

சொல்ல ஆரம்பித்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சவுகார்பேட்டைப் பட்டறைகளிலிருந்து பீகார், மேற்கு வங்கப் பையன்களை மீட்டால் உடனே படத்தோடு செய்தி போடுகிறீர்கள். ஒருமுறை முகம்கூட மறைக்காமல் வந்திருந்தது. குழந்தையின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்று 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. அப்போதே கடிதம் எழுதினேன். வெளியிடவில்லை, பதிலும் இல்லை. ரயிலேற்றி அனுப்பியதோடு அந்தப் பையன்களின் கதை தங்கள் பத்திரிகையில் முடிந்துபோகிறது. ஊருக்குப் போய்ப் பள்ளியில் சேர்ந்தார்களா, அதே தரகரோடு வேறு ஊருக்கு ரயிலேறினார்களா என்று ஒரு வரி நான் படித்ததில்லை. நாற்பது வருஷமாகத் தங்கள் பத்திரிகை வாங்கும் குடும்பம் எங்களுடையது. அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஜூனில் பள்ளி திறக்கும் வாரத்தில் கல்விப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். டி.சி.யோ வயதுச் சான்றோ இல்லாவிட்டாலும் பிள்ளையைச் சேர்க்கவேண்டும், கொத்தடிமையாக வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டியதில்லை, குழந்தைகள் உதவிக்குத் தொலைபேசி எண் 1098 என்ற மூன்று விஷயம் அதில் இருந்தால் போதும். எழுத்து பெரிதாக இருக்கட்டும். கத்தரித்து நானே ரேஷன் கடையிலும் கூட்ஸ் ஷெட்டிலும் ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை,
வியாசர்பாடி, சென்னை - 39.