சுவரைப் பிடித்து நடப்பவர்கள் சார்பில் ஒரு நன்றி மடல்

அன்பும் மதிப்பும் உரியவர்களுக்கு,

எங்கள் முதியோர் இல்லத்தில் மூன்று மாதங்களாக நடந்த பழுதுபார்ப்பு வேலை முடிந்துவிட்டது. கூலியும் கணக்கும் தீர்ந்தன. சொல்லவேண்டியது மட்டும் மீதம் இருக்கிறது.

இங்கே வசிப்பவர்களில் பலர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். கட்டிலிலிருந்து கதவுவரை, கதவிலிருந்து குளியலறைவரை அவர்களுக்குச் சுவர்தான் துணை. அந்தச் சுவரே ஓதமேறிப் பொருமி, கை வைத்தால் காரை உதிரும் நிலைக்கு வந்திருந்தது. முன்பு இரண்டு முறை வேறு ஆட்கள் வந்து மேலே வண்ணம் அடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த மழையில் அதே இடத்தில் அதே கறை.

கொத்தனார் ஐயா, நீங்கள் வந்த அன்றே மேற்கு அறைச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கோளாறு இங்கே இல்லை, மேலே இருக்கிறது" என்று மாடி ஏறினீர்கள். தளத்தில் நீர் வடியும் சரிவான வாட்டம் மழைநீர்க் குழாயை விட்டு விலகியிருந்ததும், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல் ஓடியதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தன. வாட்டத்தைச் சரிசெய்து, மூலையை வளைவாகப் பூசி, நீர்ப்புகாப் பூச்சு அடித்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்த்த பிறகே கீழே இறங்கினீர்கள். சுவர் உலரும்வரை பெயிண்டரை நெருங்கவே விடவில்லை. சீக்கிரம் முடியுங்கள் என்று நான் பலமுறை வற்புறுத்தினேன். நீங்கள் இணங்காமல் இருந்ததற்கு என் முதல் நன்றி.

கழிப்பறைக் கைப்பிடிக் கம்பிகளைப் பொருத்திய தம்பிகளே, ஓட்டின் மேல் துளையிட்டு முடித்துவிட்டுப் போயிருக்கலாம். தட்டிப் பார்த்து, உள்ளே பொள்ளலாக ஒலித்த ஓடுகளை எல்லாம் பெயர்த்து, திருகாணி செங்கல்லில் ஆழ இறங்கும்படி செய்தீர்கள். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் உங்கள் முழு எடையையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தீர்கள். வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கம்பி மங்கிய கண்ணுக்குத் தெரியாது என்று பாட்டி ஒருவர் சொன்னதும், வாங்கி வந்ததைத் திருப்பிக் கொடுத்து அடர்நீலத்தில் கொண்டுவந்தீர்கள். இப்போது அவர் நேராகப் போய் அதைப் பிடிக்கிறார், தடவித் தேடுவதில்லை.

வெந்நீர்க் குழாயைச் சீரமைத்தவருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். தொட்டியில் தண்ணீர் வெதுவெதுப்பாகத் தேங்கினால் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும். 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம் அதற்கு ஏற்றது. அதனால் தொட்டியில் 60 டிகிரி வேண்டும். ஆனால் அந்தச் சூடு மெலிந்த தோலைச் சில வினாடிகளில் வெந்துபோகச் செய்துவிடும். இரண்டுக்கும் வழியாக, குளியலறைக் குழாய்க்கு அருகிலேயே தண்ணீரைக் கலந்து 43 டிகிரியில் நிறுத்தும் வால்வைப் பொருத்தி, வெப்பமானியோடு ஒவ்வொரு குழாயாகச் சோதித்தீர்கள்.

வாசற்படியின் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு 180 சென்டிமீட்டர் நீளச் சாய்தளம் கிடைத்திருக்கிறது. கட்டிலிலிருந்து கழிப்பறைவரை இரவு விளக்குகள் தாழ்வாக எரிகின்றன. மின்கசிவு 30 மில்லிஆம்பியரைத் தொடுமுன் இணைப்பைத் துண்டிக்கும் கருவியும் வந்துவிட்டது. இவற்றைச் செய்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

சாந்து சுமந்த அம்மா, உங்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். நினைவு மங்கிய பாட்டி ஒருவர், தம் வீட்டை யாரோ இடிக்கிறார்கள் என்று முதல் நாள் அழுதார். மறுநாளிலிருந்து தினமும் காலையில் அவருடைய வாசலில் நின்று, உங்கள் பெயரைச் சொல்லி, "வேலைக்கு வந்திருக்கிறேன் அம்மா, உள்ளே வரலாமா?" என்று கேட்டீர்கள். நேற்றுக் கேட்டது அவருக்கு நினைவிருக்காது என்று தெரிந்தும் கேட்டீர்கள். அவர் "வா" என்ற பிறகுதான் சாந்துத் தட்டு உள்ளே வரும். துளையிடும் நேரத்தில் அவரைத் தோட்டத்தில் உட்காரவைத்திருக்கச் சொன்னதும் நீங்கள்தான். பராமரிப்பில் பல ஆண்டுகள் இருந்தும் எங்களுக்குத் தோன்றாத யோசனை அது.

பொருளுதவி செய்த குடும்பங்களுக்கும், தூசியைத் துடைத்துத் துடைத்துக் கை காய்த்துப்போன எங்கள் பணியாளர்களுக்கும் வணக்கம். அறை மாறி, கட்டில் மாறி, ஒரே அலமாரியை மூவர் பங்கிட்டுக்கொண்டு பொறுத்த பெரியவர்களே, இரைச்சலில் பகல் தூக்கத்தை இழந்தது நீங்கள்தான். உங்கள் பொறுமை இல்லாமல் ஒரு செங்கல்கூட நகர்ந்திருக்காது.

மேற்கு அறைத் தாத்தா தம் கட்டிலை மீண்டும் சுவரோரமாகப் போட்டுக்கொண்டார். கொத்தனார் ஐயா, மழைக்காலத்தில் ஒரு நாள் அவசியம் வாருங்கள். அந்தச் சுவரை நீங்களே தட்டிப் பார்க்கவேண்டும் என்று அவர் காத்திருக்கிறார்.

நன்றியுடன்,
இல்லப் பொறுப்பாளர்