கிரவுன் பினியனை அளந்து பூட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காய்கறியும் பாலும் செங்கலும் ஏற்றிப் பிழைக்கும் பழைய பிக்கப் வண்டிகளில், புது கிரவுன் பினியன் (இன்ஜின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குத் திருப்பும் பல்சக்கர ஜோடி: பெரியது கிரவுன், சிறியது பினியன்) போட்ட சில மாதங்களிலேயே டிஃப்ரன்ஷியல் (அந்த ஜோடி இருக்கும், பின் சக்கரங்களுக்கு நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) மறுபடி ஊளையிடுவது சாதாரணமாகிவிட்டது. 'சாமான் சரியில்லை' என்று கடைக்காரர் மேல் பழி போகிறது. பெரும்பாலும் குறை பூட்டிய விதத்தில்தான். பட்டறையில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று வண்டிக்காரர்களுக்குத் தெரியட்டும் என்றே எழுதுகிறேன்.

போனது டிஃப்ரன்ஷியல்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். கிளம்பும்போது மட்டும் 'டக்' என்று இடித்தால் பின் ஆக்சிலுக்கு வரும் தண்டின் மூட்டான யு.ஜே. கிராஸை ஆட்டிப் பாருங்கள். பல நேரம் வேலை அதோடு முடிந்துவிடும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஊளை, காலை எடுத்ததும் சத்தம் மாறுகிறது என்றால் கிரவுன் பினியன் பல் அல்லது பினியன் பேரிங். நேரே ஓடும்போது சத்தமில்லாமல் திருப்பத்தில் மட்டும் கரகரத்தால், இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் சிறு பல்சக்கரங்களான ஸ்டார் பினியன், சன் கியர், இல்லாவிட்டால் வீல் பேரிங். பிறகு ஆயிலை இறக்குங்கள். காந்தப் பிளக்கில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். விரலில் நெருடும் சில்லு வந்தால் கழற்றியே ஆக வேண்டும். ஆயில் பால் காபி போல இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சூடான ஆக்சில் தண்ணீரில் இறங்கும்போது உள்காற்று சுருங்கி, பிரீதர் (காற்றுத் துளை) வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் மூழ்கிய வண்டியை வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஆயிலைத்தான்.

கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உரசிப் பொருத்தப்பட்ட ஜோடி. ஜோடி எண் இரண்டிலும் பொறிக்கப்பட்டிருக்கும். பினியன் பல் மட்டும்தான் உடைந்தது என்று ஒற்றைப் பினியன் வாங்கிப் போட்டால் அது நிற்காது. பேரிங்குகள், ஆயில் சீல், கிரவுன் போல்ட், பினியன் நட் எல்லாம் அதோடு புதிதாகவே போக வேண்டும். பேரிங் மூடிகளைக் கழற்றும் முன் இடம், வலம் என்று பஞ்ச் உளியால் குறியிடுவது அவசியம். அவை ஹவுசிங்கோடு (ஆக்சிலின் வெளிக்கூடு) சேர்த்துக் கடையப்பட்டவை, மாற்றிப் போட்டால் பேரிங் இருக்கை கோணிவிடும்.

அதிகம் தவறு நடப்பது பினியன் நட்டில். நசுங்கும் ஸ்பேசர் (பினியனின் இரு பேரிங்குகளுக்கு நடுவே, நட்டை இறுக்க இறுக்க நசுங்கும் குழாய்) உள்ள வண்டிகளில் ஏர் கன்னால் ஒரே அடியாக இறுக்குகிறார்கள். ஸ்பேசர் அளவுக்கு மீறி நசுங்கி, பேரிங் இறுகி, முதல் லோடிலேயே சூட்டில் நீலம் பாய்ந்துவிடுகிறது. இறுக்கம் மிஞ்சிவிட்டால் நட்டைத் தளர்த்தி ஈடுகட்ட முடியாது. புது ஸ்பேசர் போட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும். கிரவுனைப் பூட்டும் முன் பினியனைத் தனியாகச் சுழற்றி அளக்க வேண்டும். பினியன் முனையில் உள்ள ஃபிளாஞ்ச் தட்டில் கயிறு சுற்றி ஸ்பிரிங் தராசால் சீராக இழுங்கள். 5 செ.மீ. ஆரத்தில் தராசு 4 கிலோ காட்டினால் பினியனைச் சுழற்றத் தேவையான முறுக்கு விசை சுமார் 2 நியூட்டன் மீட்டர். சிறு பிக்கப்களில் புதுப் பேரிங்குக்கு 2 முதல் 3 வரை வழக்கம், பழைய பேரிங்குக்கு அதில் பாதி. வண்டியின் மேனுவலில் உள்ள எண்ணே முடிவு. பினியன் சீல் மட்டும் மாற்றும்போதும் இதே ஆபத்து உண்டு, ஆகவே நட் நின்ற இடத்தைக் குறித்துவிட்டுக் கழற்ற வேண்டும்.

அடுத்து பல் இடைவெளி, அதாவது கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் நடுவே விடும் இடம். டயல் கேஜை (முள் காட்டும் நுண் அளவி) கிரவுன் பல்லின் விளிம்பில் வைத்து நான்கு இடங்களிலாவது அளக்க வேண்டும், பொதுவாக 0.15 முதல் 0.20 மி.மீ. வரை இருக்கும். கையால் ஆட்டி 'சரியாக இருக்கிறது' என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். கடைசியாகக் கிரவுன் பல்லில் மார்க்கிங் பேஸ்ட் பூசிச் சுழற்றி, பினியன் பல் படும் தடம் பார்க்க வேண்டும். பினியன் தலைக்கும் பேரிங்குக்கும் நடுவே ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) வைக்கும் வண்டிகளில், தடம் பல் நுனியில் விழுந்தால் ஷிம் கூட்ட வேண்டும், பல் அடியில் விழுந்தால் குறைக்க வேண்டும். ஷிம் மாற்றினால் இடைவெளியை மறுபடி அளக்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலை. கூலி கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம்.

ஹவுசிங் வளைந்திருந்தால் மேற்சொன்ன எதுவும் பயனில்லை, முழு ஆக்சிலையே மாற்றுவது மேல். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் ஆக்சில் வாங்கும்போது ரேஷியோவை (கிரவுன் ஒரு சுற்று சுற்ற பினியன் எத்தனை சுற்று என்பது) கடையிலேயே சோதியுங்கள். ஒரு பக்க ஹப்பை (சக்கரம் பூட்டும் முனை) அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றினால், ஃபிளாஞ்ச் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே ரேஷியோ. கிரவுனில் 41, பினியனில் 9 பல் என்றால் 4.56, 41க்கு 8 என்றால் 5.125. முன்னது இருந்த வண்டியில் பின்னதைப் போட்டால் அதே வேகத்துக்கு இன்ஜின் 12.5 சதவீதம் கூடுதலாகச் சுழலும். ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து ஓடும் வண்டியில் கிலோமீட்டரும் கூடுதலாகக் காட்டும். மைலேஜ் கூடியதாகத் தோன்றுவது இதனால்தான். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் முன் ஆக்சில் ரேஷியோவும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும்.

பின்னால் ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் மொட்டை டயர் என்று ஓட்டுவதையும் நிறுத்துங்கள். நேர்ச்சாலையிலும் ஸ்டார் பினியன் ஓயாமல் சுழன்று வாஷரைத் தின்றுவிடும். '90 நம்பர் ஆயில்' என்று மட்டும் கேட்டு வாங்காமல் டப்பாவில் ஜி.எல்.5 என்ற தரக் குறியீடு இருக்கிறதா பாருங்கள். கிரவுன் பல்லும் பினியன் பல்லும் உருள்வதோடு வழுக்கவும் செய்வதால், அந்த அழுத்தத்தைத் தாங்கும் ஆயில் தேவை. அதையே கேட்காமல் கியர்பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள், கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அது கெடுக்கலாம்.

புது ஜோடி போட்டதும் முதல் 20 கிலோமீட்டர் லோடு இல்லாமல் ஓட்டி, ஆற விடுங்கள். 500 கிலோமீட்டர் வரை பாதி லோடுதான். அதன்பின் ஆயிலை மாற்றுங்கள். ரேஷியோ, ஜோடி எண், அளந்த பல் இடைவெளி இந்த மூன்றையும் பில்லில் எழுதித் தரும் வழக்கத்தைப் பட்டறைகள் கொண்டுவர வேண்டும். கேட்டால்தான் வரும், வண்டிக்காரர்கள் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
பிக்கப் மெக்கானிக் ஒருவர்,
ஒட்டன்சத்திரம்.