பிதௌலி ஊராருக்கு ஒரு நன்றி மடல்

நேபாளத்து நவல்பராசி, பிதௌலி மக்களுக்கும் உங்களோடு நின்றவர்களுக்கும் வணக்கம்.

2017 நவம்பரில் கூண்டில் வளர்ந்த ஆறு வெண்முதுகுப் பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) உங்கள் ஊர்ப்பக்கம் வானில் விடப்பட்டன. நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் அதே இனத்தைக் காக்கப் பாடுபடும் எங்களுக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு!

கூண்டைத் திறப்பது சின்ன வேலை. வெளியே நஞ்சில்லாத இரை இருக்க வேண்டுமே, அதுதான் பெரும்பாடு. டைக்ளோஃபெனாக் என்னும் வலிமருந்தை ஊசியாகப் போட்ட மாடு ஓரிரு நாளில் செத்துப்போனால், அந்த இறைச்சியைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் பழுதாகும். செத்த பறவையை அறுத்தால் ஈரல்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருக்கும். ஒரே மாட்டைக் கூட்டமாகத் தின்பவை என்பதால், நூறு மாட்டில் ஒன்றுக்கும் குறைவாக மருந்து இருந்தாலே இனம் சரிந்துவிடும். ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவை அந்த இழப்பை எப்படி ஈடுகட்டும்?

கோசாலையைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு முதல் நன்றி. உழைத்து ஓய்ந்த கிழட்டு மாடுகளை வாங்கி, கடைசிவரை தீனி போட்டு, வலிக்குப் பாறுகளைக் கொல்லாத மெலாக்சிகாம் என்னும் மருந்தைக் கொடுத்து, தானாக இறந்தபின்தான் பாறுகளுக்கு வைக்கிறீர்கள். 2006 முதல் நடக்கும், அப்படி இரை வைக்கும் அந்தத் திடலுக்குப் பக்கத்திலேயே கூண்டை அமைத்தது மிகச் சரியான முடிவு. காட்டுப் பாறுகள் இறங்கித் தின்பதை உள்ளிருந்தவை நாள்தோறும் பார்த்தன. வெளியே வந்ததும் எங்கே இரை, யாரோடு சேருவது என்ற திண்டாட்டம் குறைந்தது.

செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தவர்களுக்கும் நன்றி. பறவை ஓரிடத்தில் அசையாமல் கிடந்தால், உடல் அழுகுமுன் எடுத்துக் காரணம் அறிய அதைவிட நல்ல வழியில்லை.

மருந்துக் கடைக்காரர்களே, கால்நடை மருத்துவர்களே, உங்களை மறக்கவே முடியாது. 2006இல் இந்தியாவும் நேபாளமும் கால்நடைக்கு டைக்ளோஃபெனாக்கைத் தடைசெய்தன. ஆனாலும் மனிதருக்கான 30 மில்லி புட்டி இங்கே இந்தியாவில் மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2015இல்தான் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். சட்டம் வந்தாலும் கடையில் கை எந்தப் புட்டியை எடுக்கிறது என்பதே பாறின் உயிரைத் தீர்மானிக்கிறது. நீங்கள் மெலாக்சிகாமை எடுத்தீர்கள்.

மாயாற்றங்கரையில் மாடு வளர்ப்போரிடம் பேசும்போதெல்லாம் உங்கள் ஊரைத்தான் சொல்கிறோம்.

அன்புடன்,
மாயாற்றுப் பாறுகளின் நலம் நாடுவோர்